நன்றி சொன்னவனுக்குத் தெரெரே கிடையாது

பக்கவாதம் வந்து போனபோது தோன் பசிலியோவின் வாயிலிருந்த சொற்களையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவைத்தது. அது பெண்டாட்டியின் பெயராக இருந்திருக்கலாம். 'தண்ணீர்' என்றாவது இருந்திருக்கலாம். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர், வாய் நிறையக் கெட்ட வார்த்தை வைத்திருந்தவர், அதில் ஒன்று தங்கியிருந்தால்கூட மனசாவது ஆறியிருக்கும். மிஞ்சியது 'கிராசியாஸ்'. நன்றி என்று அர்த்தம்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், பசிலியோ யாருக்காவது நன்றி சொல்லிப் பரகுவாரி ஊரில் எவரும் கேட்டதில்லை. பரகுவாரியிலிருந்து தலைநகர் அசுன்சியோனுக்கு ஓடும் பஸ்ஸில், இறங்குகிறவர்கள் எல்லாரும் "கிராசியாஸ், தோன் பசிலியோ" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். அவர் பதிலுக்குத் தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான். பஸ்ஸை அவர் உருட்டுகிற வேகத்தைப் பார்த்து ஊர் வைத்த பட்டப்பெயர் 'கரும்பே'. தமிழ்க் காதுக்கு இனிக்கும். குவாரனி மொழியில் அதற்கு ஆமை என்று பொருள்.

அப்படிப்பட்டவர் இப்போது எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். நாய் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் நன்றி. கால்விரலில் கதவு இடித்தால் நன்றி. உள்ளே ஒரு சொல்லைத் தேடிப் பிடித்து, நாக்கு நுனிவரை பத்திரமாகக் கொண்டுவருவார். வெளியே வந்து விழும்போது அது கிராசியாஸாக மாறியிருக்கும். அது தப்பு என்று அவருக்கே கேட்கும். மற்றவர்கள் பேசுவதெல்லாம் தெளிவாகப் புரியும். அதுதான் கொடுமை. புரியாதிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்.

வலது கால் இழுத்துக்கொண்டது, வலது கை தொங்கிப்போனது. தலைநகரில் மறுவாழ்வு மையத்தில் வைத்துப் பல வாரம் பழக்கியதில் கால் நன்றாகவே தேறியது. கையும் கொஞ்சம் உயிர்பெற்றது. விழுங்குவதில் குறை இல்லை, என்ன வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று சோதித்துச் சொன்னார்கள். வீட்டுக்குக் கிளம்புகிற அன்று, அவருக்குப் பயிற்சி கொடுத்த நிமியா என்ற பெண் அவர் மனைவி லிப்ராதாவைத் தனியாக உட்காரவைத்தாள். பட்டம் படித்தவள் என்பதால் நிமியாவை எல்லாரும் 'லிசென்சியாதா' என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்த பெண்களுக்கு எங்கள் பக்கத்து மரியாதை 'ஞா', ஆண்களுக்குத் 'தோன்'.

"ஞா லிப்ராதா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இனிமே இவருக்குப் பெரிய எதிரி யார் தெரியுமா? நீங்கதான்."

"நானா! காக்குப்பே மாதா மேல சத்தியமா, இந்த மனுஷனுக்காக நான் உசுரைக் குடுப்பேன் லிசென்சியாதா."

"அதான் பயமா இருக்கு. அவரால முடியறதை நீங்க செஞ்சு குடுக்காதீங்க. ஒரு பொத்தான் போட அரை மணி நேரம் ஆகுதா, ஆகட்டும். இங்க நாங்க பிடிச்சு வேலை வாங்கினது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். மிச்சப் பொழுதெல்லாம் வீட்டுலதான். சும்மா மடியில போட்டு வெச்ச கை அப்படியே மடங்கிப் போயிடும். அப்புறம் நானே வந்தாலும் பிரிக்கிறது கஷ்டம்."

லிப்ராதா தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். சொன்ன பயிற்சிகளையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டாள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். இரண்டு கையாலும் துணியைப் பிடித்து மேசையைத் துடைக்க வேண்டும். டம்ளரை வலது கையால் பிடித்து எடுத்து, விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். கஷ்டமாக ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மேசையைத் துடைத்தது லிப்ராதா. டம்ளரை எடுத்துக் கொடுத்தது லிப்ராதா. மரவள்ளிக்கிழங்கை மசித்து, கழுத்தில் துண்டு கட்டி, ஊட்டிவிட்டதும் லிப்ராதாதான். செத்துப் பிழைத்து வந்தவன் ஒரு பொத்தானோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எந்தப் பெண்டாட்டிக்கு மனசு வரும்? அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கையும் வரவில்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கால் பயிற்சியை மட்டும் பசிலியோ விடாமல் செய்தார். காரணம் தெருமுனையில் இருந்தது. அது சிந்துல்போவின் டயர் பஞ்சர் கடை. அங்கே கடைவாசல் மாமரத்து நிழலில் தினமும் காலை வெயில் ஏறும்போது, ஒரே குவளையில் குளிர்ந்த இலைச்சாறு ஊற்றிச் சுற்றிக் குடிக்கும் தெரெரே வட்டம் கூடும். சிந்துல்போ, கறிக்கடை மெலிதோன், தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற கசிமிரோ, பசிலியோ. இருபது வருஷத்து வட்டம். பஸ் ஓட்டிய காலத்தில்கூட வாரவிடுமுறையன்று அவர் கோயிலுக்குப் போகாமல் இருந்திருக்கிறார், அங்கே போகாமல் இருந்ததில்லை. அந்த மாமரத்தை எட்டுவதற்காகவே நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தார். கடைசியில் ஒருநாள் தடியை ஊன்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

"வந்துட்டான்யா கரும்பே!" என்று கத்தினார் மெலிதோன். "யோவ், அசுன்சியோன் பஸ் எப்பக் கிளம்பும்?"

"ஏறிக்கோ. இன்னிக்கு ஏறினா நாளைக்கு மறுநாள் போயிடலாம்," என்றார் கசிமிரோ.

சிந்துல்போ எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் பசிலியோவின் கொம்பாத்ரே. கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்ட பசிலியோ மகளுக்கு ஞானஸ்நானத் தகப்பன். இந்த ஊரில் அது கூடப் பிறந்த உறவுக்கு ஒரு படி மேல். பசிலியோவை உட்காரவைத்துவிட்டு, மாட்டுக்கொம்புக் குவளையான குவாம்பாவில் யெர்பா இலைத்தூளைப் புதிதாகப் போட்டு, உறிஞ்சுகிற உலோகக் குழலைச் செருகினார். முதல் தண்ணீர் எப்போதும் தூய தோமையாருக்கு. நம் பரங்கிமலைத் தோமையாரேதான். இந்த இலையைக் குடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்று இங்கே நம்பிக்கை. அந்த முதல் தண்ணீரை இலையே உறிஞ்சிக்கொள்ளும். அடுத்தது ஊற்றுகிறவருக்கு. அதற்கடுத்த குவாம்பாவைச் சிந்துல்போ கொம்பாத்ரேயிடம் நீட்டினார்.

பசிலியோ இடது கையால் வாங்கி உறிஞ்சினார். நசுக்கிப் போட்ட புதினாவும் எலுமிச்சைப்புல்லும் ஐஸ் தண்ணீரும் தொண்டையில் இறங்கின. கண் கலங்கிவிட்டது. மறுவாழ்வு மையத்தில் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள், அது இந்த ருசி இல்லை. குழலில் கடைசிக் காற்று களகளக்கும்வரை உறிஞ்சிவிட்டுக் குவாம்பாவைத் திருப்பித் தந்தார். தரும்போது வாய் தானாகத் திறந்தது.

"கிராசியாஸ்."

போச்சு. சொன்ன மறுகணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரெரே வட்டத்தில் குடித்துவிட்டுக் குவாம்பாவைச் சும்மா தர வேண்டும். நன்றி சொல்லித் தந்தால், 'போதும், எனக்கு இனி வேண்டாம்' என்று அர்த்தம். சொன்னவரை அடுத்த சுற்றில் தாண்டிப் போய்விடுவார்கள். மறுபடி கேட்க மாட்டார்கள். கேட்டால் அது வற்புறுத்தல், மரியாதைக் குறைவு. தாய்ப்பால் மறந்த வயதிலேயே குழந்தைகளுக்குத் தெரிந்துவிடுகிற சட்டம் இது.

"ஒண்ணோட போதுமா கொம்பாத்ரே? சரி சரி, உடம்புதான் முக்கியம்," என்றார் சிந்துல்போ.

பசிலியோ 'இல்லை, அது இல்லை' என்று தலையை வேகமாக ஆட்டினார்.

"வேணாம்னா வேணாம்ப்பா. நான் ஊத்தல."

குவாம்பா அவர் மூக்குக்கு முன்னால் கசிமிரோவுக்குப் போயிற்று. அடுத்த சுற்றில் அதைப் பிடிக்க அவர் இடது கையை நீட்டினார். கசிமிரோ அந்தக் கையைப் பாசத்தோடு பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் உதட்டை இறுக்கிப் பூட்டிக்கொண்டு போனார். குடித்தார், தந்தார், வாயைத் திறக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று பெருமூச்சு விட்டார். அந்த மூச்சோடு சேர்ந்து அந்தச் சனியனும் வெளியே வந்து விழுந்தது. அதற்கு அடுத்த நாள் ஆத்திரம் தாங்காமல் தடியைத் தரையில் அடித்து, "கிராசியாஸ்! கிராசியாஸ்!" என்று கத்தினார்.

"சரிய்யா, சரிய்யா! ஒரு சொட்டு ஊத்தல, பாரு!" என்று சிந்துல்போ குவாம்பாவைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அவருக்கு ஒரே ஒரு சொல்தான் வரும் என்று அந்த மூன்று பேருக்கும் தெரியாமல் இல்லை. லிப்ராதா தெருவுக்கே சொல்லியிருந்தாள். ஆனால் தெரிந்தது மண்டைக்குள் இருந்தது. கை அதைக் கேட்கவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் குவாம்பாவை அடுத்தவரிடம் நகர்த்திப் பழகிய கை. அதற்குமேல், டாக்டர் அளவாகக் குடிக்கச் சொல்லியிருப்பார், நாம் ஊற்றி ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் என்ற பயம் வேறு. நல்ல மனசுக்காரர்கள்தான். நல்ல மனசு செய்கிற அநியாயத்துக்கு எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது.

பசிலியோ போவதை நிறுத்திவிட்டார். போக இடமில்லாத காலுக்குப் பயிற்சி எதற்கு? அதையும் நிறுத்தினார். நாற்காலியில் உட்கார்ந்தால் லிப்ராதா வந்து எழுப்பும்வரை உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் விருந்தாளிபோலச் சும்மா கிடந்தது. விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கி மடங்க ஆரம்பித்தன. லிப்ராதாவுக்குக் காரணம் தெரியாது. அந்த வெட்டிக்கூட்டத்தோடு சேராமல் வீட்டோடு இருக்கிறாரே என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டாள்.

நிமியா மாதம் ஒருமுறை எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வருவாள். அந்த முறை பசிலியோவின் கையை எடுத்து விரல்களை மெல்லப் பிரித்துப் பார்த்தாள். அவர் வலியில் முகத்தைச் சுளித்தார். நிமியாவின் முகமும் மாறிவிட்டது.

"எத்தனை நாளா செய்யல?"

"அவருக்கு மனசு சரியில்ல லிசென்சியாதா," என்றாள் லிப்ராதா. "அதான் எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன். ஒரு குறையும் வெக்கல."

"அதுதான் குறை," என்றாள் நிமியா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பசிலியோவுக்கு எதிரே உட்கார்ந்தாள். "தோன் பசிலியோ, உங்களைத் திட்டப் போறதில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தக் கை திரும்பி வந்தா அதை வெச்சு என்ன செய்யணும் உங்களுக்கு? பஸ் ஓட்டணுமா? தலை சீவணுமா? தானா சாப்பிடணுமா?"

எதற்கும் அவர் அசையவில்லை. பிறகு இடது கை மெல்ல எழுந்து அவள் மேசையைக் காட்டியது. எல்லா அலுவலகத்திலும்போல அங்கேயும் ஒரு குவாம்பாவும் ஐஸ் தண்ணீர் ஃபிளாஸ்க்கும் இருந்தன. அவர் குவாம்பாவை எடுத்து உறிஞ்சுவதுபோல் காட்டினார். அவளிடம் திருப்பி நீட்டினார். "கிராசியாஸ்," என்றது வாய். உடனே குவாம்பாவை அவளிடமிருந்து பிடுங்கி, தன் மூக்குக்கு முன்னால் இடமிருந்து வலமாக ஒரு தடவை, வலமிருந்து இடமாக ஒரு தடவை கொண்டுபோனார். தன் நெஞ்சைத் தொட்டுக் கையை விரித்தார்.

நிமியாவும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே. ஒரு கணம் முழித்தாள். அடுத்த கணம் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க," என்றாள். பசிலியோவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

லிப்ராதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "அடப் பாவிங்களா! இந்த மனுஷன் வாயில வேற சொல்லே இல்லைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அந்த மெலிதோன் கடையில இனிமே ஒரு எலும்புத்துண்டு வாங்கினா என்னை ஏன்னு கேளுங்க. இருங்க, நானே இன்னிக்குப் போய் மூணு பேரையும் நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

பசிலியோ தடியைத் தூக்கிக் குறுக்கே நீட்டினார். பெண்டாட்டி சிபாரிசு பிடித்துத் தெரெரே குடிக்கிற ஆம்பிளை என்ற பெயர் வேறு வேண்டுமா? குவாம்பாவை மேசையில் வைத்தார். அதையும் பக்கத்திலிருந்த ஃபிளாஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடது கையால் ஃபிளாஸ்க்கைத் தூக்கினார். வலது கையைக் குவாம்பாவின்மேல் கொண்டுபோய் வைக்கப் பார்த்தார். மடங்கிய விரல்கள் கொம்பில் தட்டிச் சரிந்தன.

"ஊத்தணுமா?" என்றாள் நிமியா. "ஓஹோ! ஊத்தறவருக்கு வாயே வேணாம். யாருக்கும் அவர் குவாம்பாவைத் திருப்பித் தர வேணாம். அவரைத் தாண்டி எவனும் போகவும் முடியாது. அட, கரும்பே!"

"ஊத்தறது இடத்துக்காரன் வேலை, இல்லாட்டி கூட்டத்துல கடைக்குட்டி வேலை. அறுபது வயசுல இவருக்கு எதுக்கு அது?" என்றாள் லிப்ராதா. "மடியில தண்ணியக் கொட்டிக்கிட்டு நிப்பாரு. வீட்டுலயே இருய்யா, வேண்டிய மட்டும் நான் ஊத்தித் தர்றேன்."

"கிராசியாஸ்!" என்றார் பசிலியோ. அதற்கு 'வாயை மூடு' என்று அர்த்தம் என்பது இரண்டு பெண்களுக்குமே புரிந்தது.

நிமியா அன்று புதுப் பாடம் வகுத்தாள். ஃபிளாஸ்க் கனம், அது இடது கைக்கு. குவாம்பாவைப் பிடிப்பது வலது கை. முதலில் வெறும் குவாம்பா, அப்புறம் இலைத்தூள், கடைசியில்தான் தண்ணீர். அவசரப்பட்டுத் தோளை இழுக்கக் கூடாது, களைத்தால் நிறுத்திவிட்டுப் பிறகு தொடர வேண்டும். மேசை துடைப்பதும் எழுந்து உட்கார்வதும் பழையபடி உண்டு. நிமிர்ந்து உட்காரத் தெரியாதவர் ஊற்றவும் முடியாது என்றாள். "ஞா லிப்ராதா, உங்களுக்கும் ஒரு பயிற்சி இருக்கு. ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு உக்காந்து வேடிக்கை பாக்கணும்."

அந்த வீட்டில் நடந்த பயிற்சிகளிலேயே அதுதான் கடினமானது. பசிலியோவின் கையிலிருந்து குவாம்பா உருளும்போதெல்லாம் லிப்ராதா பாதி எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்காருவாள். சில சமயம் தாங்க முடியாமல் பின்கட்டுக்குப் போய்க் கோழிகளைத் திட்டுவாள். ஒருநாள் அவர் பார்க்காதபோது குவாம்பாவில் இலையைக் குறைத்து லேசாக்கி வைத்தாள். எடுத்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டு அன்று முழுக்க அவள் முகத்தில் விழிக்காமல் இருந்தார்.

பிடிப்பது வந்துவிட்டது. கொம்பை விரல்கள் கெட்டியாகச் சுற்றிக்கொண்டன. விடுவதுதான் வரவில்லை. லிப்ராதா எதிரே நின்று கையை நீட்டுவாள், அவர் குவாம்பாவை அவள் கையில் வைப்பார், விரல்கள் திறக்காது. கடன்காரன் கணக்காகப் பிடித்துக்கொண்டு நிற்கும். திற, திற என்று உள்ளே எவ்வளவு கத்தினாலும் கைக்குக் கேட்காது. அவள் இழுத்தால் இன்னும் இறுகும். இழுக்காமல் காத்திருந்தால், நெடுநேரம் கழித்துக் கட்டைவிரல் அசையும், அப்புறம் ஒவ்வொன்றாக மற்றவை.

ஒருநாள் மத்தியானம் அதுவும் நடக்கவில்லை. வெயில், புழுக்கம், காலையிலிருந்தே கை மரக்கட்டையாக இருந்தது. பசிலியோ இடது கையால் குவாம்பாவைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். இலை வீடெல்லாம் சிதறியது. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். முதுகு குலுங்கியது.

லிப்ராதா அசையவில்லை. இரண்டு கையும் கக்கத்தில் செருகியபடியே இருந்தன.

"நான் மட்டும் சும்மா இருக்கேன்னு நினைக்கிறியா பசிலி? நீ கையைத் திறக்கப் பாக்கறே. நான் என் கையை மூடி வெச்சுக்கப் பாக்கறேன். எது கஷ்டம்னு நீயே சொல்லு. நீ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ இந்த வீட்டுல நான் தனியா உக்காந்து, இனிமே எனக்கு யாருமில்லன்னு அழுதிருக்கேன். திரும்பி வந்துட்டே. உனக்கு ஊட்டி விடறப்பல்லாம், போயிட மாட்டான், இங்கேயேதான் இருப்பான்னு எனக்கு நானே சொல்லிக்கறேன். அது தப்புன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. சரி, தப்பு. அந்தக் கொம்பை நான் எடுத்துத் தர மாட்டேன். நீயே எந்திரிச்சு வந்து பொறுக்கு."

சொல்லும்போதே அழுதாள். பசிலியோ திரும்பினார்.

"கிராசியாஸ்," என்றார். நோய் வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அந்தச் சொல் இடம் பார்த்து விழுந்தது. எழுந்து, சுவரைப் பிடித்துக் குனிந்து, குவாம்பாவைத் தானே எடுத்தார்.

தெருவில் லாபாச்சோ மரங்கள் பூத்து உதிர்ந்து, வெயில் காலம் திரும்பி வந்தது. ஒரு காலையில் பசிலியோ சொந்த ஃபிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, குவாம்பாவையும் இலைப் பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்டு, தடி ஊன்றித் தெருமுனைக்குப் போனார். யாரோடும் பேசாமல், ஊற்றுகிறவர் உட்காரும் பழைய லாரி டயரின்மேல் போய் உட்கார்ந்தார்.

சிந்துல்போ பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு எழுந்தார். "கொம்பாத்ரே, அது என்னோட..." என்று ஆரம்பித்தவர் ஃபிளாஸ்க்கைப் பார்த்தார், வலது கையைப் பார்த்தார், பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "வந்துட்டானா நம்ம கடைக்குட்டி!" என்றார் கசிமிரோ, கொஞ்சம் பதற்றத்தோடு. மெலிதோன் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

பசிலியோ தோமையாருக்கு ஊற்றினார். தான் குடித்தார். சிந்துல்போவுக்கு ஊற்றி நீட்டினார். விரல் திறக்கவில்லை. சிந்துல்போ இழுக்கவில்லை, கையை நீட்டியபடியே தெருவில் போன மாட்டுவண்டியை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் அசைந்தது. குவாம்பா கை மாறியது. கொஞ்சம் தண்ணீர் சிந்தியது, யாரும் பார்க்காததுபோல் இருந்தார்கள். குவாம்பா சுற்றி வந்தது, திரும்பிப் போனது. ஒவ்வொரு சுற்றிலும் பசிலியோ தன் பங்கைக் குடித்தார். அவரைத் தாண்டிப் போக ஒருவராலும் முடியவில்லை. நெஞ்சு நிறைந்துபோயிற்று.

சுற்றுகள் போய்க்கொண்டே இருந்தன. இலை எத்தனை தடவைதான் சாரம் கொடுக்கும்? பசிலியோவுக்குத் தன் பங்கைக் குடிக்கும்போதே தெரிந்துவிட்டது. சாயம் போய், ருசி போய், வெறும் ஐஸ் தண்ணீர். இந்நேரம் வட்டம் கலைந்திருக்க வேண்டும், அல்லது யாராவது கத்தியிருக்க வேண்டும். ஒருவரும் போதும் என்று சொல்லவில்லை. மூன்று பேர் முகத்திலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வைத்துக்கொள்கிற புன்னகை. கசிமிரோ முழங்காலோடு முழங்காலை இறுக்கிக்கொண்டு நெளிந்தார். வயிறு ஃபிளாஸ்க்காகிவிட்டது, ஆனாலும் வாங்கிக் குடித்தார்.

பசிலியோவுக்குப் புரிந்தது. இரக்கப்படுகிறார்கள். குழந்தை சொப்பு வைத்துச் சமைத்துக் கொடுத்தால் ஆகா ஆகா என்று சாப்பிடுவோமே, அப்படிக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். முகம் பற்றி எரிந்தது. இத்தனை மாதம் வியர்த்தது இதற்குத்தானா? அன்றைக்குத் தாண்டிப் போனார்கள். இன்றைக்குத் தாங்கிப் பிடிக்கிறார்கள். அதைவிட இது பெரிய அவமானம். கோபத்தில் இன்னும் ஒரு சுற்று ஊற்றினார். கசிமிரோ "இதோ வந்துட்டேன்" என்று மரத்துக்குப் பின்னால் ஓடினார். குவாம்பா மெலிதோனிடம் போனது.

மெலிதோன் ஒரு வாய் உறிஞ்சினார். முகம் கோணியது. விழுங்கிப் பார்த்தார், முடியவில்லை. திரும்பி, டயர்கள் பக்கமாகத் துப்பினார்.

"இது தெரெரேயா, இல்ல மாடு குளிப்பாட்டின தண்ணியா? எவ்வளவு நேரமா நானும் பொறுத்துப் பொறுத்துப் பாக்கறேன், இலை செத்துச் சுடுகாட்டுக்கே போயிடுச்சு! யெர்பாவை மாத்தணும்னு தெரியாதவன்லாம் ஊத்த வந்துட்டான். இதுல என் கால்சட்டை பூரா ஈரம்!"

"மெலிதோன், வாயை மூடு!" சிந்துல்போவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மனுஷனாய்யா நீ?"

"நீ மூடு! நாக்கு இவனுக்குத்தானே போச்சு, எனக்கா போச்சு?"

பசிலியோ தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துச் சிந்துல்போ எழுந்து ஓடிவந்தார். பசிலியோ நிமிர்ந்தபோது கன்னமெல்லாம் கண்ணீர்தான், ஆனால் வாய் கோணிக்கொண்டு சிரித்தது. நோய்க்குப் பிறகு அவரை இப்படித் திட்டியவர் யாருமில்லை. அந்த வசவு அவருக்கு அவ்வளவு இனித்தது.

சிந்துல்போ உதவிக்கு நீட்டிய கையைப் பசிலியோ தள்ளிவிட்டார். குவாம்பாவை டயர் விளிம்பில் தட்டிச் செத்த இலையைக் கொட்டினார். தட்டியது வலது கை. புது இலை போட்டார். பாதி வெளியே கொட்டியது. "பாத்துப் போடு, காசு குடுத்து வாங்கினதுதானே!" என்றார் மெலிதோன். பசிலியோ தோமையாருக்கு ஊற்றினார். தன் பங்கை நிதானமாக, மெலிதோனைக் காக்கவைத்து, கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினார். மறுபடி நிறைத்து, வரிசையை மீறி, நேராக மெலிதோனிடம் நீட்டினார்.

மெலிதோன் கையை நீட்டிக்கொண்டு, அந்த விரல்கள் திறக்கும்வரை காத்திருந்தார், திட்டுவதை நிறுத்தாமல்.